எங்கள் மேஜையில் எவ்ரார்

தல்மாரா கோட்டையில், துறவியாகவும் போர்வீரராகவும் இருக்கிற சபைச் சகோதரர் ஒருவர் சின்னத் தப்புச் செய்தால் வெள்ளிக்கிழமை பட்டினி கிடக்க வேண்டும். பெரிய தப்புச் செய்தால் அவருடைய வெள்ளை மேலங்கியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட அனுப்புவார்கள். சாட்டையடியை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிற சகோதரர்கள்கூட இதைக் கேட்டால் வெளுத்துப்போவார்கள்.

நாங்கள் என்றால், கோட்டையின் வில்லாளிக் குதிரைக்காரர்கள். மேற்கிலிருந்து கடல் கடந்து வந்த பரங்கியர் எங்களைத் துர்க்கோபோல் என்பார்கள். துருக்கனுக்குப் பிறந்தவர்கள் என்று அர்த்தமாம். எங்களில் பாதிப் பேருக்குத் துருக்கரோடு எந்த உறவும் கிடையாது, எதிரில் நின்று அம்பு விட்டதைத் தவிர. என் அப்பா குறுக்குவில் பிடித்த பரங்கி. அம்மா தர்தூஸ் துறைமுகத்துக்காரி, உள்ளூர்ச் சுரியானிக் கிறிஸ்தவக் கோயிலைச் சேர்ந்தவள். அப்பா ஒருநாள் கப்பலேறிப் போய்விட்டார். விட்டுப்போனது அவருடைய பாஷையும் இந்த மூக்கும்தான். தூமா என்ற பெயர் அம்மா வைத்தது.

தடம் பார்ப்பது, எதிரி எங்கே கூடாரம் போட்டிருக்கிறான் என்று மோப்பம் பிடிப்பது, சகோதரர்கள் இரும்பு உடுத்திக் கனத்த குதிரைகளில் ஆடி அசைந்து வரும்வரை அவனை அம்பால் சீண்டிக்கொண்டிருப்பது, இதுதான் எங்கள் வேலை. ஜெயித்தால் அவர்கள் ஜெயித்ததாகப் பேச்சு. தோற்றால் துர்க்கோபோல் ஓடிவிட்டான் என்று பேச்சு.

சகோதரர் எவ்ரார் செய்த தப்பு, ஒரு கோவேறு கழுதையை அடித்தே கொன்றது. தண்ணீர்த் தோல்பைகளைச் சுமந்துகொண்டு ஏறிய கழுதை பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. நகரச் சொல்லிப் பரங்கி பாஷையில் கத்தியிருக்கிறார். அது எங்கள் ஊர்க் கழுதை. அதற்கு என்ன புரியும்? ஈட்டிக் கம்பை எடுத்துத் தலையிலேயே போட்டுவிட்டார். சபையின் சொத்தை அழித்ததற்காக ஒரு வருஷம் மேலங்கி கிடையாது, ஒரு வருஷம் எங்களோடு சாப்பாடு.

முதல்நாள் அவர் வந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மேஜைக்குப் பக்கத்தில் வந்து, பெஞ்சைத் தன் கைத்துணியால் துடைத்தார். துடைத்த இடத்தை முகர்ந்து பார்த்தார். அப்புறம்தான் உட்கார்ந்தார். எங்கள் லாசர் அண்ணன்தான் கிண்ணத்தை முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு சொன்னார்:

"வாங்க சாமி. தண்டனை இன்னிக்கு நல்லா சூடா இருக்கு. ஆறிப்போறதுக்குள்ள அனுபவிச்சுடுங்க."

அன்றைக்குப் பருப்புக் கஞ்சி. அன்று முதல் எங்கள் மேஜையில் சாப்பாட்டுக்குப் பேரே தண்டனை என்று ஆகிவிட்டது. "தண்டனைக்கு உப்பு பத்தல", "இன்னொரு கரண்டி தண்டனை போடு" என்று ஆள் ஆளுக்குக் கேட்பார்கள். எவ்ரார் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

லாசர் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்தான் எங்களில் உண்மையான துருக்கர். ஒரொண்டஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்த கூட்டத்தில் அய்தோக்து என்று பிறந்தவர். பிறகு எங்கள் பக்கம் வந்து ஞானஸ்நானம் வாங்கி லாசர் ஆனார். முன்பல் இரண்டு கிடையாது. குதிரையை முன்னால் ஓடவிட்டு, இடுப்பைத் திருப்பிப் பின்னால் வருகிறவன்மேல் அம்பு விடுவதில் அவருக்கு நிகர் அவர்தான். ஆனால் வாய் சும்மா இருக்காது. வில்லைவிட அவர் வாய்க்குத்தான் எல்லாரும் பயந்தோம்.

எங்கள் மேஜையில் இரண்டு பேருக்கு ஒரு கிண்ணம். எவ்ராருக்கு ஜோடியாக நான் மாட்டினேன். இரண்டாம் நாள் அவர் கத்தியை எடுத்தார். கஞ்சியின் நடுவில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கோடு கிழித்தார்.

"இந்தப் பக்கம் நீ. அந்தப் பக்கம் நான். கரண்டி தாண்டி வரக் கூடாது" என்றார்.

கஞ்சியில் கிழித்த கோடு எவ்வளவு நேரம் நிற்கும்? கரண்டியை அவர் எடுப்பதற்குள் மூடிக்கொண்டது. மறுபடி கிழித்தார். மறுபடி மூடிக்கொண்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். ஒரு பிரபுவின் மகன் பருப்போடு எல்லைத் தகராறு செய்வதை எல்லாருமா பார்க்க முடியும்?

என்னைப் பற்றி விசாரித்தார். அப்பா பரங்கி, அம்மா சுரியானி என்றேன். முகத்தைச் சுளித்து, "அப்போ நீ குதிரையும் இல்ல, கழுதையும் இல்ல. கோவேறு" என்றார்.

எதிரிலிருந்து லாசர் அண்ணன் தலையைத் தூக்காமலே, "தூமா, தள்ளி உக்காருடா. இவரு கோவேறு கழுதைய என்ன பண்ணுவாருன்னு தெரியுமில்ல?" என்றார்.

மேஜையே குலுங்கியது. எவ்ரார் எழுந்து போய்விட்டார். சாப்பிடாமல் எழுந்ததற்காக அவருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை பட்டினி.

இப்படியே வசந்தம் போய், கோடையும் போனது. மனிதர் மாறவில்லை. எங்கள் ஜெபத்தில் தப்புக் கண்டுபிடித்தார், எங்கள் குதிரைகளை ஆடுகள் என்றார், லாசர் அண்ணன் ஞானஸ்நானம் வாங்கியது செல்லுமா என்று கோட்டைச் சாமியாரிடம் போய்க் கேட்டார். நாங்களும் மாறவில்லை. அவர் வருகிற நேரம் பார்த்துப் பூண்டு தின்றோம். வெயில்தான் யாரையும் விசாரிக்காமல் தன் வேலையைச் செய்தது. மேலங்கி இல்லாத அந்த மனிதர் கறுத்துப்போனார். தாடி வளர்ந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் எங்களில் ஒருவன்போல இருந்தார். இதை யாரோ அவரிடம் சொன்னார்கள். அன்று முழுக்க நிழலை விட்டு வெளியே வரவில்லை.

இலையுதிர் காலத்தில் கோட்டையில் காய்ச்சல் வந்து பாதி ஆள் படுத்துவிட்டார்கள். ஹிம்ஸ் பக்கத்துத் துருக்கர் ஆற்றைத் தாண்டி வருகிறார்கள் என்று பேச்சு. பார்த்துவர லாசர் அண்ணனையும் என்னையும் அனுப்பினார் கோட்டைத் தலைவர். மாற்றுக் குதிரைகளைப் பிடிக்க மூன்றாவது ஆள் வேண்டும். எவ்ரார் சும்மாதான் இருக்கிறார் என்று அவரைச் சேர்த்துவிட்டார். துருக்கர் உடுப்புப் போலவே பஞ்சு வைத்துத் தைத்த எங்கள் அங்கியையும் தலைத்துணியையும் எவ்ரார் உடுத்தியபோது ஏதோ பிணத்தின் துணியை உடுத்துகிற மாதிரி உடுத்தினார். அந்த அங்கியைத் தைத்தவள் லாசர் அண்ணன் மனைவி மரியம். கோட்டைக்குக் கீழே குடியிருப்பில் எங்கள் எல்லாருக்கும் அவள்தான் தைப்பாள்.

"கை தூக்குங்க சாமி, அக்குள் பிடிக்குதான்னு பாக்கணும்" என்றாள் அவள்.

"தொடாதே" என்றார்.

"நான் தொட்டுத் தச்ச அங்கிதான் அது. கழட்டிட்டு அம்மணமா போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டாம் நாள் காலை ஆற்றோரத்தில் மூடுபனி பிடித்துக்கொண்டது. என் குதிரையின் காது எனக்குத் தெரியவில்லை. அந்தப் பனிக்குள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோதே எங்கள் இரண்டு பக்கமும் குதிரை மூச்சு கேட்டது. நாங்கள் ஒரு துருக்கர் கூட்டத்துக்கு நடுவில் நுழைந்திருந்தோம். யார் தப்பும் இல்லை. அவர்களுக்கும் எங்களைத் தெரியவில்லை, எங்களுக்கும் அவர்களைத் தெரியவில்லை.

லாசர் அண்ணன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. துருக்க பாஷையில் சலாம் சொன்னார். நாங்கள் ஆற்றோரத்து ஷைஸர் ஊர்க்காரர்கள், காணாமல் போன குதிரைகளைத் தேடிப் பிடித்துக்கொண்டு போகிறோம் என்றார். அவர்கள் தலைவன் சுங்குர் என்பவன். அகலமான முகம், கலகலப்பான ஆள். "பாலம் வரைக்கும் ஒண்ணாவே போலாம் பெரியவரே, இந்தப் பனில தனியா போனா ஆத்துல விழுவீங்க" என்றான். ரொட்டியும் உலர்த்திய இறைச்சியும் கொடுத்தான். தின்றோம். நல்ல இறைச்சி.

எவ்ராரைப் பார்த்து, "இவன் யாரு, வாயே தொறக்க மாட்டேங்கறான்?" என்று கேட்டான்.

"என் மச்சான். ஊமை" என்றார் லாசர் அண்ணன்.

"ஐயோ பாவம். பிறவிலயேவா?"

"பிறவி ஊமைதான். மூளையும் கொஞ்சம் கம்மி. என் தங்கச்சி தலையெழுத்து, இவனுக்குக் கட்டி வச்சோம். புள்ளையும் பொறக்கல. குதிரைய மட்டும் பிடிச்சுக்குவான். அதுவும் கயித்தைக் கையில கட்டிவிடணும்."

சுற்றி வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் எப்படி இருப்பது? அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்குத் துருக்க பாஷை தெரியும், எவ்ராருக்குத் தெரியாது. ஆனால் தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்பது எந்த பாஷைக்காரனுக்கும் தெரியும். சுங்குர் தன்னுடைய மாற்றுக் குதிரையின் கயிற்றையும் எவ்ரார் கையில் திணித்துவிட்டுப் பிடரியில் ஒரு தட்டுத் தட்டினான், வேலைக்காரனைத் தட்டுகிற மாதிரி. லாசர் அண்ணன் அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கு நிறுத்தத் தெரியாது. ஆறு மாசத்துக் கஞ்சிக் கோட்டுக்கு எல்லாம் சேர்த்து அந்தப் பனிக்குள் வட்டி வாங்கினார். தங்கச்சி கதை வளர்ந்துகொண்டே போனது. துருக்கர் குதிரைமேல் குனிந்து குனிந்து சிரித்தார்கள்.

பாலம் வந்தது. அவர்கள் வலப்பக்கம், நாங்கள் இடப்பக்கம். பனி இன்னும் விலகவில்லை. கயிற்றைத் திருப்பி வாங்கிக்கொண்ட சுங்குர், போகிற போக்கில் எவ்ராரின் தாடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான்.

"அசல் நம்ம ஜாதி மூஞ்சி. ஊமையா இருந்தா என்ன, அழகன்" என்றான். நல்லவிதமாகத்தான் சொன்னான்.

எவ்ரார் அந்தக் கைகளைத் தட்டிவிட்டார். தட்டிவிட்டுச் சேணத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, பரங்கி பாஷையில், பாலத்தின் அடுத்த கரைக்குக் கேட்கிற மாதிரி தன் பெயரைச் சொன்னார். தன் அப்பா பெயரைச் சொன்னார். தான் சபையின் சகோதரன், பிரபு குலம், துருக்கன் இல்லை என்றார்.

பயத்தில் உளறவில்லை. வாய் தவறவில்லை. தெரிந்தேதான் பேசினார். சாவதைக்கூடச் சகித்துக்கொள்வார்போல, எங்களில் ஒருவன் என்று ஒருத்தன் நினைப்பதைச் சகிக்க முடியவில்லை.

சுங்குர் மெதுவாகச் சொன்னான்: "ஊமைக்குப் பேச்சு வந்துடுச்சே பெரியவரே."

"பேய் புடிச்சிருக்கு" என்றார் லாசர் அண்ணன். "பனி விழுந்தா இப்படித்தான். ஒரு பரங்கிப் பேய் இவன் மேல ஏறிக்குது."

சத்தியமாகச் சொல்கிறேன், சுங்குரின் உதடு துடித்தது. சிரித்துவிட்டிருப்பான். ஆனால் எவ்ரார் அங்கிக்குள் கைவிட்டுச் சிலுவையை வெளியே எடுத்துத் தொங்கவிட்டார். அப்புறம் பேச்சுக்கு இடமில்லை. அவரைக் குதிரையிலிருந்து இழுத்துப் போட்டார்கள். லாசர் அண்ணனும் நானும் எங்கள் குதிரைகளைத் திருப்பி விரட்டினோம். நான் ஒரு கயிற்றில் சிக்கி விழுந்தேன். லாசர் அண்ணன் திரும்பி விட்ட அம்பு ஒருவன் தொடையில் பாய்ந்தது. அவர் குதிரைக்கும் ஒன்று பாய்ந்தது. குதிரை விழுந்ததும் அவரும் அகப்பட்டார்.

சுங்குர் கீழே இறங்கி வந்தான். இப்போது அவன் முகத்தில் கலகலப்பு இல்லை. முதலில் எவ்ராரிடம் கேட்கச் சொன்னான், என் வழியாக: "இந்த ரெண்டு பேரும் உன் ஆளுங்களா?"

நான் மொழிபெயர்த்தேன். என் பரங்கி ஆட்கள்தான், என்னோடு வந்தவர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பரங்கியைப் பிடித்தால் பணத்துக்குப் பேசுவார்கள். துர்க்கோபோல் என்றால், அதிலும் மதம் மாறிய துருக்கன் என்றால், பேச்சே கிடையாது.

எவ்ரார் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "என் ஆளுங்க இல்ல. கூலிக்கு வச்சிருக்கிற துர்க்கோபோலுங்க."

நான் அதை அப்படியே சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த ஒரு சொல் எல்லா பாஷையிலும் ஒன்றுதான்.

லாசர் அண்ணனைக் கல்மேல் உட்கார வைத்தார்கள். பிறந்த பெயர் என்ன என்று சுங்குர் கேட்டான். சொன்னார். எந்தக் கூட்டம் என்று கேட்டான். சொன்னார். அந்தக் கூட்டத்தில் சுங்குருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

"என்ன குறை வச்சோம்னு அங்க போன?"

"மரியம்னு ஒருத்தி. மாறலைன்னா பொண்ணு கிடையாதுன்னுட்டான் அவ அப்பன்."

"சரி. போனது போகட்டும். கலிமா சொல்லு. திரும்பி வந்துட்டேன்னு சொல்லு. ஒரு வார்த்தைதான். நான் கூட்டிட்டுப் போறேன்."

அவன் மனசாரத்தான் கேட்டான் என்று எனக்குத் தோன்றியது. நான் லாசர் அண்ணனையே பார்த்தேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் அவன் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லியிருப்பேன். அவர் பல் இல்லாத இடத்தில் நாக்கை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வேணாம்பா" என்றார். "ஒரு தடவ மாறியாச்சு. திரும்பத் திரும்பப் பொரண்டா மரியம் சிரிப்பா."

சுங்குர் இரண்டாம் முறையும் கேட்டான். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு, என்னைப் பார்த்து, "டேய், அந்த இறைச்சி மிச்சம் இருக்கா?" என்றார். என்னிடம் ஒரு துண்டு இருந்தது. கொடுக்க விட்டார்கள். அதை மென்றுகொண்டிருந்தபோதே முடித்துவிட்டார்கள். எவ்ரார் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார், தனக்காக.

நான் பிறந்ததே கிறிஸ்தவன் என்பதால் மாறியவன் கணக்கில் வரவில்லை. என்னையும் எவ்ராரையும் ஹிம்ஸுக்கு இழுத்துப்போய், தண்ணீர் வற்றிய ஒரு பாதாளத் தொட்டியில் இறக்கினார்கள். மேலே ஒரு ஓட்டை. அதன் வழியாகக் காலையில் ரொட்டி விழும்.

முதல் மாசம் முழுக்க எவ்ரார், சபை வந்து மீட்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னையும் மீட்கச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். பெரிய மனசு. உள்ளே இருக்கிற ஒரே காய்ந்த மூலையில் தான்தான் படுப்பேன் என்றார். அவரோடு சண்டைபோட எனக்குத் தெம்பில்லை. அவர் தூங்கிய பிறகு காலால் நகர்த்திவிட்டு நான் படுத்துக்கொள்வேன்.

குளிர்காலத்தில் கோட்டையிலிருந்து ஒரு தூதன் வந்து போனான். சபையின் பதிலை சுங்குரே ஓட்டைக்கு மேலே நின்று சொன்னான். பிடிபட்ட சகோதரனுக்காக ஒரு இடைவாரும் ஒரு கத்தியும் தவிர வேறெதுவும் கொடுப்பதில்லை என்பது அவர்கள் விதியாம். இடைவாரையும் கத்தியையும் கொடுத்தும் அனுப்பியிருந்தார்கள்.

"இந்தக் கத்திய நான் என் பொண்டாட்டிகிட்ட குடுத்தா வெங்காயம் நறுக்கக்கூட வாங்கமாட்டா" என்றான் சுங்குர். "உன்னோட ஆளுங்களா இவங்க?"

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் விடாமல்.

எவ்ரார் அழுதார். மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி. எனக்கு இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சில நாட்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பிறகு ஒரு காலை ரொட்டி விழுந்ததும் அதைத் தொடாமல் என்னிடம் வந்து உட்கார்ந்தார். அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக என் பெயரைச் சொன்னார்.

"தூமா. அவங்க ஒரு வார்த்தை சொல்லச் சொல்வாங்களே. அது என்ன?"

"எந்த வார்த்தை?"

"உனக்குத் தெரியும்."

தெரியும். இந்த ஊரில் பிறந்த யாருக்குத் தெரியாது? ஆனால் அவர் வாயாலேயே கேட்கட்டும் என்று இருந்தேன். கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். சொல்லச் சொல்லச் சொதப்பினார். தொண்டையிலிருந்து வரவேண்டிய எழுத்தெல்லாம் மூக்கிலிருந்து வந்தது.

"அப்படி இல்ல. இப்படி" என்றேன்.

மறுபடி சொன்னார்.

"இப்படிச் சொன்னா சிரிப்பாங்க சாமி. மறுபடியும்."

மத்தியானம்வரை பழக்கினேன். கழுதைக்குப் பழக்கினால் இன்னும் சீக்கிரம் வந்திருக்கும். கடைசியில் அவரே ஓட்டைக்குக் கீழே போய் நின்று சுங்குரைக் கூப்பிட்டார்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டியே?" என்று திரும்பிக் கேட்டார்.

"சொல்லுவேன்" என்றேன்.

ஏணி இறங்கியது. அவர் ஏறிப் போனார். அந்த வாரமே சுன்னத்து செய்ய நாவிதரைக் கூப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். முழுத் தெருவுக்கும் சத்தம் கேட்டதாம். சுங்குர் அவரைத் தன் படையில் சேர்த்துக்கொள்ளவில்லை. லாயத்தில் சாணம் அள்ள விட்டான். "இவனை வச்சுக்கிட்டு அந்தக் கிழவன் தலையை நான் எடுத்தேன்" என்று மட்டும் ஒருநாள் என்னிடம் சொன்னான். அன்றைக்கு எனக்கு ரொட்டியோடு ஒரு வெங்காயமும் விழுந்தது.

ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பக்கமும் கைதிகளை மாற்றிக்கொண்டார்கள். தலைக்குத் தலை. ஒரு தலை குறைந்ததால் என்னையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள்.

கோட்டைக்குப் போகும் முன்பே குடியிருப்பில் மரியத்தைப் பார்க்கப் போனேன். மடியில் அங்கியை வைத்துப் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தாள். லாசர் அண்ணன் செத்த செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது. எப்படி என்று யாரும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஊமை மச்சான் கதையைச் சொன்னபோது அவள் வாய் கோணியது. கடைசியில் அண்ணன் சொன்னதைச் சொன்னேன்.

அவள் ஊசியை அங்கியில் குத்தி வைத்தாள்.

"சிரிச்சிருப்பேன்தான்" என்றாள். "சிரிச்சுட்டுச் சோறு போட்டிருப்பேன். மடையன். பெரிய மடையன்." வெகுநேரம் அதையே சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். நான் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் போகவும் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

மேலே கோட்டையில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. கைதிகள் பட்டியலில் பெயர் இல்லாததால், எவ்ரார் விசுவாசத்துக்காகச் செத்தார் என்று முடிவு செய்துவிட்டார்கள். கழற்றி வாங்கிய வெள்ளை மேலங்கியை மடித்துப் பீடத்தின்மேல் வைத்திருந்தார்கள். புதிதாகக் கப்பலில் வந்த சகோதரர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பூசையில் அவர் பெயரை வாசித்தார்கள். லாசர் அண்ணன் பெயர் இல்லை. கோட்டைச் சாமியாரைக் கேட்டேன். கூலிக்காரர்களுக்கு அவரவர் கோயிலில்தான் வாசிக்க வேண்டும் என்றார். கீழே சுரியானிச் சாமியாரைக் கேட்டேன். லாசருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது பரங்கிக் கோயில், அங்கேதான் வாசிக்க வேண்டும் என்றார்.

பூசை முடிந்ததும் கோட்டைத் தலைவர் என்னைச் சபைக்கூடத்துக்குக் கூப்பிட்டார். சகோதரர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். துர்க்கோபோல் ஒருவன் அந்தக் கூடத்துக்குள் கால்வைத்தது அதுதான் முதல் தடவை.

"சகோதரர் எவ்ராரோட கடைசி நாட்களை இவங்களுக்குச் சொல்லு. நீதான் கூட இருந்தவன்" என்றார்.

சொன்னேன். பாலம், சிலுவை, தொட்டி, இடைவார், கத்தி, வார்த்தை, நாவிதர், சாணம். நான் எதையும் கூட்டவில்லை. கூட்ட அவசியமே இருக்கவில்லை. இளம் சகோதரர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கோட்டைத் தலைவர் கெட்டவர் இல்லை. என்னை அடிக்கவில்லை. பொறுமையாகவே பேசினார்.

"நீ ரொம்ப நாள் இருட்டுல கிடந்திருக்க. மனசு குழம்பியிருக்கும். அவர் வாயால சொன்னதை நீயே கேட்டியா? இல்ல, அவங்க வந்து உன்கிட்ட சொன்னாங்களா?"

"சொல்லிக்குடுத்ததே நான்தான் ஐயா."

கூடத்தில் அப்புறம் யாரும் என்னைப் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள், இனி எனக்கு அங்கே குதிரை கிடையாது, கிளம்பு என்று சொல்லிவிட்டார்கள். கோட்டையில் விட்டுப்போயிருந்த பழைய வில் என்னுடையது, அதைக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் மேஜைக்காரர்கள் வாசல்வரை வந்தார்கள். திரிப்போலியில் பிஷப்பின் படைக்கு வில்லாளிகள் தேவைப்படுவதாக ஒருவன் சொன்னான். அங்கே மட்டும் மரியாதை கொடுப்பார்களா என்று இன்னொருவன் கேட்டான்.

"மீன் குடுப்பாங்க" என்றேன்.

மறுநாள் காலை குடியிருப்பைத் தாண்டி நடந்தபோது பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. மரியம். கழுதைமேல் இரண்டு பஞ்சு மூட்டை, நடுவில் அவள். வீட்டைப் பூட்டிக்கூட வரவில்லை. அதில் பூட்டி வைக்க ஒன்றும் இல்லை என்றாள்.

"பிஷப்பு ஆளுங்களுக்கு அங்கி தைக்க ஆள் இருக்கா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"உனக்கு என்னதான் தெரியும்?"

நான் மூட்டையின் ஓரத்தைப் பிடித்து ஏறப் பார்த்தேன். கையில் கம்பால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நடந்தே வா. ஒரு ஆளைத்தான் தாங்கும்" என்று சொல்லிவிட்டுக் கழுதையை முன்னால் ஓட்டினாள். கடல் தெரியும்வரை பின்னாலேயே நடந்தேன்.